குளத்துக்குள் போர்மேன் இருக்கிறார்

ஜாபஸ் அண்ணாச்சிக்கு உயரம் கம்மி, உடம்பில் சதை கம்மி, படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. கம்மியானதையெல்லாம் ஆண்டவர் மொத்தமாகச் சேர்த்துக் குரலில் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று சபையில் பேசிக்கொள்வார்கள். மைக் இல்லாமல் அவர் வேதபாடம் வாசித்தால் கோயிலுக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் நிற்பவருக்கும் எழுத்து எழுத்தாகக் கேட்கும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட்டில் நிற்பது அவர் வேலை. காலையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே விட வேண்டும். சாயங்காலம் பெயர் சொல்லி வெளியே விட வேண்டும். மருந்து அடைக்கிற அறையில் இன்று யார், காய வைக்கிற களத்தில் யார், பெட்டி ஒட்டுகிற ஷெட்டில் யார் என்பது அவருக்கு மனப்பாடம். கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் அண்ணாச்சி சைக்கிளை எடுப்பார். அதற்கு முன்னால் முதலாளியே போகச் சொன்னாலும் போக மாட்டார்.

அந்த வட்டாரத்தில் எல்லாக் கம்பெனிகளும் ஒன்றுபோல நடப்பதில்லை. ஆனால் ஜாபஸ் நிற்கிற கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது சத்தம் கேட்டுவிட்டால் முதலில் யாரும் பேசக் கூடாது. இன்னொரு சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். அப்புறம் ஓடி வந்தவர்களையெல்லாம் வேப்பமரத்தடியில் நிறுத்தி, கேட்டுக்கு வெளியே பதறிக்கொண்டு நிற்கிற வீட்டாருக்குக் கேட்கும்படி ஜாபஸ் பெயர்களைச் சொல்வார். இருக்கிறவர்களின் பெயர்களை மட்டும்தான் சொல்வார். "இன்னார் இருக்காக, இன்னார் இருக்காக" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். கண்ணில் படாத ஒருவரை இல்லை என்று அவர் வாய் ஒருபோதும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேறு ஆள் இருக்கட்டும், நமக்கு ஆண்டவர் கொடுத்த வேலை இருக்கிறவர்களைச் சொல்வது என்பது அவர் எண்ணம். அப்படி நின்று கூப்பிட்ட நாட்கள் அவர் வாழ்க்கையில் அதிகம் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் ஒவ்வொன்றும் அவர் தொண்டையில் அப்படியே இருக்கிறது.

அதே தொண்டைக்கு வருஷத்தில் ஒரு நாள் கொண்டாட்டம். சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் அவர்தான் விடுவார். ஒரு பூசணிக்காயை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது காய் இல்லய்யா, பந்தி! ஒரு குடும்பமே உக்காந்து சாப்பிடலாம்! ஒரு தரம்…" என்று அவர் இழுக்கிற இழுப்பில், பூசணி பிடிக்காதவர் கையும் மேலே போகும். சபையைச் சேராதவர்களும் ஏலம் பார்க்கவென்றே வந்து சுவரோரம் நிற்பார்கள்.

அப்படி வந்து நின்றவன்தான் விக்னேஷ்குமார். தாயில்பட்டிக்காரன். சிவகாசியில் யோகலட்சுமி என்கிற பெண் நடத்துகிற டிசைன் சென்டரில் வேலை. பட்டாசுப் பெட்டிக்கும் காலண்டருக்கும் படம் போடுகிற இடம் அது. அதனால் அங்கே நல்ல சக்தியுள்ள கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருக்கும். பொங்கல் கழிந்து காலண்டர் ஆர்டர் ஓய்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே ஆட்கள் கூடிவிடுவார்கள். பக்கத்துக்கு நாலு பேர். யுத்த விளையாட்டு. ஏலம் முடிந்த அன்றைக்கே விக்னேஷ் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஒரு பூசணிக்காய்க்கே இம்புட்டுப் பேசுறீக. நாங்க ஒரு பெரிய சண்டை போடுறோம். அதுக்கு ஒரு நாள் வந்து பேசுங்க."

"சண்டைக்கெல்லாம் நான் வரமாட்டேன் தம்பி."

"ரத்தம் கிடையாது அண்ணாச்சி. எல்லாம் மெசினு."

மெசின் என்றதால் போனார். போய்ப் பார்த்தவருக்குக் கண் கொள்ளவில்லை. திரையில் ஒரு தாலுகா அளவுக்கு நிலம் விரிந்து கிடந்தது. மலை, குளம், மேடு, பள்ளம். இது ஆடுபுலி ஆட்டம் மாதிரி நீ ஒன்று நான் ஒன்று என்று முறை வைத்து நகர்த்துகிற சோலியே இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். பூமியைத் தோண்டி இரும்பு எடுக்கிறார்கள், கரண்ட் தயாரிக்கிறார்கள், தொழிற்சாலை கட்டுகிறார்கள். அதிலிருந்து மெசின்கள் சித்திரைத் திருவிழாக் கூட்டம் போலப் புறப்பட்டு வருகின்றன. பக்கத்துக்கு ஒரு தலைவர் மெசின் உண்டு. எதையும் கட்டுவது முதலில் அவர்தான். அவர் விழுந்தால் அந்தப் பக்கம் அத்தோடு தோற்றுப் போகும்.

அந்த மெசின்களுக்கெல்லாம் இங்கிலீசில் நீள நீளமாகப் பெயர். அது அண்ணாச்சி நாக்குக்குச் சிக்கவில்லை. அவர் தனக்குத் தெரிந்த பெயரை வைத்தார். சின்னச் சின்னதாகக் குதித்து ஓடுகிறவை குருவி வெடி. வரிசையாகச் சுட்டுக்கொண்டு வருகிறவை சரவெடி. ஆகாயத்தில் சுற்றுகிறது சங்குசக்கரம். நின்று கட்டிடம் கட்டுகிறவர் கொத்தனார். எல்லாவற்றையும் அழிக்கிற பெரிய ஏவுகணை அணுகுண்டு. தலைவர் மெசினுக்கு, கம்பெனியில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவரை நினைத்து, போர்மேன் என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் விளையாடுகிறவர்களே அந்தப் பெயர்களைத்தான் சொன்னார்கள். இங்கிலீசுப் பெயர் மறந்தே போனது.

விளையாடுகிறவர்களுக்கு முதுகுப் பக்கச் சுவரில் மாட்டிய பெரிய டிவியில் இரண்டு பக்கமும் தெரியும். அதைப் பார்த்து ஜாபஸ் பேசுவார். ஆட்டமும் அவர் பேச்சும் நெட்டில் அப்போதைக்கப்போதே போகும். செல்போனில் அதை ஊர் ஊராக ஆட்கள் பார்த்தார்கள். கோவில்பட்டியில் பார்த்தார்கள், துபாயில் பார்த்தார்கள். வெடிச் சத்தத்துக்குப் பயந்து பயந்து வாழ்ந்த ஒரு மனுஷனுக்கு, யாருக்கும் காயம் படாத வெடியைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்ட கையோடு அவர் சட்டை மாற்றுகிற வேகத்தைப் பார்த்து, ஜெபராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"லெந்து நோன்பு நாள்ல யுத்தத்தப் பத்திப் பேசப் போறீகளே, சபை ஐயர் கேட்டா என்ன சொல்லுவீக?"

"ஐயரும் பாக்காரு ராணி. போன வாரம் கைதட்டுற படம் போட்டிருந்தாரு."

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் அந்தப் பரீட்சை வந்தது. கோடை விடுமுறையில் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, மதுரை, கோவில்பட்டி, தூத்துக்குடி ஆட்களையெல்லாம் வரவழைத்துப் பெரிய போட்டி வைக்க யோகலட்சுமி ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். யார் பேசுவது என்ற கேள்வி வந்தது. சென்னையில் இதையே தொழிலாகச் செய்கிற ஒருவர் இருந்தார். பையன்கள் அண்ணாச்சிதான் வேண்டும் என்றார்கள். யோகலட்சுமி நல்ல பெண்தான். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அச்சு மெசின் மாதிரி, ஒரு நூல் விலகினாலும் நிறுத்திவிடுவாள்.

"அண்ணாச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு முழு மேட்ச் பேசுங்க. சரியா இருந்தா மண்டபத்துல நீங்கதான். இல்லன்னா சென்னைக்காரரக் கூப்பிட்டுருவேன். வருத்தப்படக் கூடாது."

"வருத்தம் எதுக்கும்மா."

"ஒண்ணே ஒண்ணுதான் ரூல். நீங்க ரெண்டு பக்கமும் பாக்கிறீங்க. அவங்களுக்கு அவங்க பக்கம் மட்டுந்தான் தெரியும். ஒளிச்சு வச்சிருக்கிறத மட்டும் வாயால சொல்லிராதீங்க. எல்லாரும் ஒரே ஹாலுக்குள்ளதான் உக்காந்திருக்காங்க."

வருத்தம் எதுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாரே ஒழிய, அந்த வாரம் முழுக்க அண்ணாச்சிக்குக் கேட்டில் நிற்க நிலைகொள்ளவில்லை. மண்டபம் நிறைய ஆட்கள், மேடையில் ஒரு நாற்காலி, தன் குரல். இந்த ஒன்றுக்கு அவர் மிகவும் ஆசைப்பட்டுவிட்டார். ஆசையை ஜெபத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "உமக்குச் சித்தமானால்" என்று ஆரம்பித்து, என்ன வேண்டும் என்று மட்டும் மெல்லச் சொல்லி முடித்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. ஒரு பக்கத்துக்கு விக்னேஷ் தலைவன். மறு பக்கத்துக்குக் கிருபா. அவள் ஆஸ்பத்திரியில் ஸ்டாப் நர்ஸ். இரவு வேலை முடித்து, தூங்கி எழுந்து, நேராக வந்து உட்காருவாள். அவளை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரப்பட மாட்டாள். முகத்தில் எதுவும் தெரியாது.

அண்ணாச்சி கண்ணை மூடி, உதடு அசையாமல் ஜெபித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். சாப்பிட்டீகளா? சாப்பிடாதவுக ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க, இங்கன இன்னும் அஸ்திவாரமே தோண்டல."

ஆரம்பமே சிரிப்பு. சண்டை சூடு பிடிக்கப் பிடிக்க அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாராக, வாராக! கெழக்க இருந்து சரவெடி வரிசையா வருது. மாப்பிள்ளை அழைப்பு மாதிரில வாராக விக்னேஷ் வீட்டுக்காரவுக! சிஸ்டர் வீட்டு வாசல்ல வாங்கன்னு சொல்ல ஆளக் காணோம். ஒரே ஒரு கொத்தனாரு நிக்காரு, கையில கரண்டியோட. அவரு என்ன செய்வாரு பாவம், சுண்ணாம்பா பூசுவாரு? மேட்டுப் பாதை போகுது… ஒரு தரம்! ரெண்டு தரம்! ஆகா, குறுக்க வந்துட்டாகய்யா! குருவி வெடி! எங்கன ஒளிச்சு வச்சிருந்தீக சிஸ்டர் இம்புட்டையும்?"

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி," என்றாள் கிருபா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொல்லாதீக. எனக்குத் தெரியும், நானும் சொல்ல மாட்டேன்."

மூலையில் நின்ற யோகலட்சுமி அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். நல்ல அடையாளம் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது.

வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு காரியம் நடந்தது. அதை ஜாபஸ் ஒருவர்தான் பார்த்தார். கிருபா தன் போர்மேனை மெல்ல நடத்திக்கொண்டு போய், நடுவில் இருந்த குளத்துக்குள் இறக்கிவிட்டாள். கழுத்தளவு, தலையளவு, பிறகு தண்ணீர் மட்டம்தான் தெரிந்தது. மேலே வட்டமிட்ட விக்னேஷின் சங்குசக்கரங்களுக்குத் தண்ணீருக்கு அடியில் பார்க்கத் தெரியாது. அண்ணாச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் தெற்கு மலையைப் பற்றிப் பேசினார்.

கொஞ்ச நேரத்தில் விக்னேஷின் அணுகுண்டு தயாராகிவிட்டது. அது ஏறி, வளைந்து, கிருபாவின் தொழிற்சாலைகள் நெருக்கமாக நின்ற இடத்தில் இறங்கியது. திரை வெள்ளையாகிப் போனது. ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒன்று வெடிக்க, அடுத்தது வெடிக்க, சரம் போல அத்தனை கட்டிடமும் போய்க்கொண்டே இருந்தது.

எவராக இருந்தாலும் அந்த இடத்தில்தான் தொண்டை கிழியக் கத்தியிருப்பார். பார்க்கிறவர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். அண்ணாச்சி வாய் அடைத்துவிட்டது. மைக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, இன்னொரு சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்த வட்டாரத்து ஆட்கள். அவர்களும் காது கொடுத்தார்கள்.

புகை கலைந்தது. ஜாபஸ் பேசினார். ஆனால் அது ஏலக் குரல் இல்லை.

"எல்லாரும் அமைதியா நில்லுங்க. இருக்கவுக பேரச் சொல்றேன். வடக்கு மேட்டுல கொத்தனாரு ஒருத்தரு இருக்காரு. கெழக்குப் பாதையில குருவி வெடி நாலஞ்சு இருக்கு. மலைக்குப் பின்னால இரும்பு தோண்டுறவுக இருக்காக. போர்மேன்…" அவர் கண் திரையெல்லாம் ஓடியது. குளத்தில் வந்து நின்றது. குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "போர்மேன் இருக்காரு! குளத்துக்குள்ள இருக்காரு! நல்லா இருக்காரு!"

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

கிருபா நாற்காலியை மெல்லத் திருப்பினாள்.

"அண்ணாச்சி. நான் தண்ணிக்குள்ள மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க கரையில நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுறீகளே!"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். விக்னேஷ் பக்கம் விளையாடிய அவன் சித்தி மகன் மணிமுத்து துள்ளினான்.

"அண்ணே, குளம்! குளத்துல போடுங்கண்ணே! ஒரே அடி, சோலி முடிஞ்சது!"

விக்னேஷ் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தான்.

"ஏலே, என்னலே ஆச்சு உனக்கு?" என்றான் மணிமுத்து, அவசரத்தில் அண்ணன் என்கிற மரியாதையை மறந்து.

"கை வரலடா."

"ஏன் வரல?"

விக்னேஷ் ஜாபஸைப் பார்த்தான். "அண்ணாச்சி, ஸ்கூல் சட்டையோட நான் ஒங்க கேட்டுக்கு வெளிய நின்னிருக்கேன். நீங்க வரிசையா சொல்லிக்கிட்டே வந்தீக. எங்கம்மா பேரு ரொம்பக் கடைசியில வந்துச்சு. 'வெள்ளைத்தாய் இருக்காக'ன்னீக. இப்பச் சொன்னது அதே மாதிரி இருந்துச்சு. அதக் கேட்டுட்டு நான் எப்பிடிப் போய் அந்தக் குளத்துல குண்டு போட?"

"அது பெரியம்மா. இது கம்ப்யூட்டர் பொம்மை," என்றான் மணிமுத்து, குரலைத் தணித்துக்கொண்டு.

"தெரியும்லே. எனக்குத் தெரியாதா? கைக்குத் தெரியலையே."

யோகலட்சுமி வந்து ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்தாள். திரையில் புகை பாதியில் உறைந்து நின்றது. அவள் கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணுதான அண்ணாச்சி சொன்னேன்."

"ஆமாம்மா."

"மண்டபத்துல இப்பிடி ஆச்சுன்னா மதுரைக்காரங்க என்ன சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாக. தப்பு என் பேர்லதான். நீ அந்தச் சென்னைத் தம்பியவே கூப்பிடு. அவருக்கு இந்தப் பழக்கமெல்லாம் இருக்காது." மைக்கை மேசையில் சத்தம் வராமல் வைத்தார். கிருபாவைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கிடுங்க சிஸ்டர், ஒங்க ஆட்டத்தக் கெடுத்துட்டேன்." யாரும் பதில் சொல்வதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்.

செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. ஜெபராணி.

"என்னங்க, பேச்ச நிறுத்திட்டீக? போன் கெட்டுப் போச்சான்னு தட்டித் தட்டிப் பாக்கேன்."

"நீ கேட்டுக்கிட்டா இருந்த?"

"சும்மா வச்சிருந்தேன். அரிசி பொடைக்கும்போது துணைக்கு இருக்கட்டும்னு."

"நான் சொல்லக் கூடாதத சொல்லிட்டேன் ராணி. வேலை போச்சு. வீட்டுக்கு வாரேன்."

அந்தப் பக்கம் முறத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்டாள். "அப்ப அந்த மனுசன்?"

"எந்த மனுசன்?"

"குளத்துக்குள்ள கெடக்காருன்னீகளே, அவருதான். அவர வெளிய எடுக்காமலா வாரீக?"

"அது மெசினு ராணி."

"மெசினோ என்னமோ. இருக்காரு இருக்காருன்னு அம்புட்டுச் சந்தோசமாச் சொல்லிட்டு, பாதியில போட்டுட்டு வந்தா என்ன அர்த்தம்? மண்டபத்துல பேசுனா என்ன, பேசாட்டா என்ன. இத முடிச்சுட்டு வாங்க. காப்பி போட்டு வைக்கேன்."

அண்ணாச்சி ஒரு செருப்போடு கொஞ்ச நேரம் நின்றார். கேட்டில் எத்தனையோ சாயங்காலங்கள் மழையில் நனைந்துகொண்டு, கடைசி ஆளுக்காக நின்றிருக்கிறார். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆள் உள்ளே இருக்கும்போதே வெளியே வந்திருக்கிறார். சட்டென்று அவருக்கு வெட்கமாகிப் போனது. மண்டபமும் மேடையும் நெஞ்சில் இவ்வளவு நேரம் அடைத்துக்கொண்டு நின்றன. அவை கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாற்போல இருந்தது. மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

உள்ளே பெரிய வழக்காடல் நடந்துகொண்டிருந்தது.

"எனக்குப் பாவம் பாத்து ஒண்ணும் விட வேண்டாம்," என்று கிருபா சொல்லிக்கொண்டிருந்தாள். "விட்டுக் குடுத்து ஜெயிச்சேன்னு நாளைக்கு நீங்களே சொல்லிக் காட்டுவீக."

"சிஸ்டர், நான் விடல. என்னால அடிக்க முடியல. ரெண்டும் வேற," என்றான் விக்னேஷ்.

ஜாபஸ் உள்ளே வந்து யோகலட்சுமி பக்கம் திரும்பினார்.

"போட்டிக்கு வேற ஆளப் போட்டுக்கம்மா. அதக் கேக்க வரல. இந்த ஒரு ஆட்டத்த மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். அந்தப் போர்மேன் என்ன ஆனாருன்னு கேக்க ஆளு இருக்கு."

"யாரு?"

"எங்க வீட்ல."

கிருபாதான் முதலில் சிரித்தாள். பிறகு, நோயாளிக்கு எந்தக் கட்டில் என்று முடிவு செய்கிற தோரணையில் எழுந்து நின்றாள்.

"யோகா, பின்னால பழைய இருட்டறை சும்மாதான கெடக்கு?"

முன்பெல்லாம் அச்சுக்குப் பிலிம் கழுவிய அறை அது. கம்ப்யூட்டரில் எல்லாம் வந்த பிறகு பழைய காலண்டர் சாம்பிள்களை அடைத்து வைத்திருந்தார்கள். கதவு கெட்டியான மரம். உள்ளே ஒருவர் கத்தினாலும் வெளியே கேட்காது.

"அண்ணாச்சிய அதுக்குள்ள உக்கார வை. ஹால் ஸ்பீக்கர அணைச்சிரு. வெளியூர்ல பாக்கிறவங்களுக்கு மட்டும் அவர் பேசுறது போகட்டும். நாம ஏன் அவரு வாயக் கட்டணும்? நம்ம காதக் கட்டுனாப் போதாதா?"

யோகலட்சுமி யோசித்தாள். அவள் யோசிக்கும்போது ஹாலில் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். "சரி," என்றாள். "ஆனா குளம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே, அதுக்கு என்ன செய்ய?"

"நாங்க ஸ்கிரீன அணைச்சிருதோம்," என்றான் விக்னேஷ். "சிஸ்டர் அவர வெளிய கூட்டிக்கிட்டு எங்கன வேணாப் போகட்டும். போய்ச் சேந்தப்புறம் சொன்னாப் போதும்."

"மணிமுத்து ஒளிஞ்சு பாப்பான்," என்றாள் கிருபா.

"சிஸ்டர்! எங்கம்மா சத்தியமா!"

"சத்தியமெல்லாம் வேண்டாம்டா, சுவரப் பாத்துத் திரும்பி நில்லு."

அப்படியே செய்தார்கள். நாலு பேர் இருண்ட திரைகளுக்கு முதுகு காட்டிச் சுவரோரம் நின்றார்கள். யோகலட்சுமி பெரிய டிவியை அணைத்துவிட்டு ஆட்டத்தை ஓட விட்டாள். கிருபாவின் போர்மேன் குளத்தின் அக்கரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினார். அதை இருட்டறையில் ஒரு சின்னத் திரையில் பார்த்துக்கொண்டு, காலண்டர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஜாபஸ் தணிந்த குரலில் சொன்னார்.

"பாத்துக்கிட்டு இருக்கவுக எல்லாருக்கும், வீட்ல இருக்கவுகளுக்கும் சொல்றேன். கரை ஏறிட்டாரு. இனிமே எங்கன போறாருன்னு உங்களுக்கு மட்டும் சொல்லுதேன். யாருகிட்டயும் மூச்சு விடாதீக."

அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தை அந்தப் பையன்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அணுகுண்டு செய்தே விக்னேஷ் பக்கம் இரும்பையெல்லாம் தீர்த்திருந்தது. வடக்கு மேட்டில் மிஞ்சிய அந்த ஒரு கொத்தனாரை வைத்துக் கிருபா ஒவ்வொரு சுவராக எழுப்பினாள். அண்ணாச்சிக்கு எதையும் விழுங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒளிந்திருப்பதை ஒளிந்திருக்கிறது என்றே சொல்லலாம். வருகிற ஆபத்தை வருவதற்கு முன்னாலேயே சொல்லலாம். "ஐயோ, அங்கன திரும்பாதய்யா, அங்கன சரவெடி நிக்கு" என்று அவர் பதறினார். போர்மேன் திரும்பாமல் போனபோது தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஏலத்தில் சிரிக்காத சிரிப்பு அது. யாருக்குக் கேட்கிறது, யார் கேட்கிறார்கள் என்று அந்த அறைக்குள் தெரியவில்லை. தெரியாததே நல்லதாக இருந்தது. ஜெபம் பண்ணுகிற மாதிரி, போய்ச் சேரும் என்று நம்பிப் பேசிக்கொண்டே இருந்தார்.

கடை அடைக்கிற நேரம் வந்தபோதும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டுதான் இருந்தன. யாரும் ஜெயிக்கவில்லை. யோகலட்சுமி கதவைத் திறந்தாள். வியர்வையில் நனைந்த சட்டையோடு அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தார்.

"முடிஞ்சதாம்மா? போர்மேன்கள் ரெண்டு பேரும் இருக்காக. ரெண்டு பேருமே இருக்காக."

"தெரியும். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், ஹெட்போன்ல." அவள் கதவின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "மண்டபத்துல சாப்பாட்டு ஹாலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டோர் ரூம் இருக்கு அண்ணாச்சி. காத்து வராது. மேடையெல்லாம் கிடையாது. ஒங்கள உள்ள வச்சுப் பூட்டிருவேன்."

அண்ணாச்சிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கைக்குட்டையை எடுத்து முகத்தை நன்றாக அழுத்தித் துடைத்தார்.

"சாவி யாருட்ட இருக்கும்?"

"எங்கிட்டத்தான்."

"அப்பச் சரி. ஒரு செம்பு தண்ணி மட்டும் வச்சிரு."

"இன்னொண்ணு அண்ணாச்சி. பெருசா வெடிக்கும்போது வாய மூடிக்கிடுறீங்க. இன்னிக்குப் பாதிப் பேரு நெட்டு போச்சுன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அத மட்டும் மாத்திக்கிட முடியுமா?"

ஜாபஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். ஹாலில் விக்னேஷும் மணிமுத்தும் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முடியாதும்மா," என்றார். "அது மாறாது."

யோகலட்சுமி தலையை ஆட்டினாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தடித்த எழுத்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஒரு வரி அடித்தாள். அந்த நேரம் வரும்போது திரையின் அடியில் போடுவதற்கு. எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து, வேதபாடம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசித்தார்.

"இணைப்பு நன்றாக இருக்கிறது. அண்ணாச்சி ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."